உங்கள் வீட்டு வாக்காளருக்கு வயது ஆறு

தேர்தல் வந்தால் மட்டாஞ்சேரியில் முதலில் வாய் திறப்பவை மதில்கள். வேட்பாளர் யார் என்று தெரிவதற்கு முன்பே மதிலுக்கு வெள்ளையடித்து, 'புக்டு' என்று எழுதி, கட்சிப் பெயரையும் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். பிறகு சின்னம் வரும், பெயர் வரும், தலைவர்களின் முகம் வரும். பஜார் ரோட்டுக் கிடங்குகளின் முன்னால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர்ந்து போகும். பிரசாரம் முடியும் கடைசி மாலையில் கொட்டிக்கலாசம். எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே முக்கில் கூடி, செண்டை அதிர, கொடி பறக்க, ஆடித் தீர்ப்பார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை குனிந்து கேட்கிறது: "அப்பா, இவங்கல்லாம் எதுக்கு இப்படிக் கத்துறாங்க?"

"அது பெரியவங்க விஷயம். நீ வேடிக்கை பாரு."

போதும் பெற்றோரே, இந்தப் பதில் போதும்! ஆறு வயதில் வேடிக்கை பார்க்கச் சொன்னோம். பதினாறு வயதில் "படிக்கிற பிள்ளைக்கு அரசியல் எதுக்கு?" என்றோம். பதினெட்டு வயதில் கையில் வாக்காளர் அட்டையைக் கொடுத்து "யோசிச்சுப் போடு" என்கிறோம். பன்னிரண்டு ஆண்டு யோசிக்கவிடாமல் வைத்திருந்துவிட்டு, ஒரே நாளில் யோசனை எங்கிருந்து வரும்?

பிள்ளைக்குப் புரியாது என்பதால் நாம் வாய் மூடுவதில்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நமக்குப் பயம். "நமக்கேன் வம்பு" என்று பாட்டன் காலத்திலிருந்து வரும் பயம். கொச்சித் தமிழ்க் குடும்பங்களில் அது இன்னும் ஒரு முழம் ஆழமாக இறங்கியிருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபி கானாவின் துவைகல்லில் தலைமுறை தலைமுறையாக உழைக்கிறவர்கள் தமிழர்கள். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் தமிழ் கேட்காத நாள் கிடையாது. ரேஷன் கார்டு இங்கே, வாக்குச்சாவடி இங்கே, பிள்ளை மலையாளம் படிக்கும் பள்ளிக்கூடம் இங்கே. இருந்தும் அரசியல் என்று பேச்சு வந்தால் நம்மில் பலருடைய குரல் இறங்கிவிடுகிறது. "நாம பொழைக்க வந்தவங்க, நமக்கு எதுக்கு?"

பிழைக்க வந்தவர்களா? மட்டாஞ்சேரியில் பிழைக்க வராதவர் யார், சொல்லுங்கள்! யூதர்கள் வந்தார்கள், 1568இல் பரதேசி ஜெப ஆலயத்தை எழுப்பினார்கள். கொங்கணி பேசுகிறவர்கள் கோவா பக்கமிருந்து வந்தார்கள். குஜராத்தியர் வந்தார்கள், அவர்கள் பெயரில் ஒரு ரோடே இருக்கிறது. கட்ச்சி மேமன்கள் வந்தார்கள். டச்சு அரண்மனை என்று நாம் சொல்லும் மாளிகையைக் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர். வந்தவர்களை எல்லாம் கழித்துவிட்டால் இங்கே மிஞ்சுவது காயல் தண்ணீர்தான். இந்த ஊரில் நீங்கள் விருந்தாளி இல்லை. உங்கள் பிள்ளை நிச்சயமாக இல்லை. அது பிறந்ததே இங்கேதான்.

ஜூ டவுனில் ஏ.பி. சேலம் ரோடு இருக்கிறது. ஒருநாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயர்ப்பலகையின் கீழே நில்லுங்கள். யார் இந்தச் சேலம்? விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழி வந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தங்கள் சொந்த ஜெப ஆலயத்திலேயே மற்றவர்களுக்குச் சமமாக உட்கார அவர்களுக்கு உரிமை கிடையாது. சேலம் படித்தார், வழக்கறிஞர் ஆனார், காந்தியின் வழியை அந்த ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுவந்து சத்தியாகிரகம் செய்தார். 1929இல் லாகூர் காங்கிரசுக்குப் போனார். கொச்சி சமஸ்தானத்தின் சட்டசபையில் உட்கார்ந்தார். "உனக்கு இங்கே இடமில்லை" என்று சொன்ன தெருவிலேயே இன்று அவர் பெயர் நிற்கிறது. ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பிள்ளை கேட்கும், "ஏம்ப்பா உட்கார விடலை?" என்று. அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் அரசியல் பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இன்னும் ஒரு கதை இருக்கிறது. அதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் என் ரத்தம் சூடாகிறது. 1913. கொச்சி ராஜ்யத்தில் புலையர் மக்கள் கரையில் ஓரிடத்தில் கூடிக் கூட்டம் போட வழி கிடையாது. நிலம் எல்லாம் யார் யாருக்கோ சொந்தம். கூடினால் விரட்டுவார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? காயலில் இறங்கினார்கள். வள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, நீரின் மேல் தங்களுக்கு ஒரு மைதானத்தை உண்டாக்கிக்கொண்டு அங்கே கூடினார்கள். சமூகச் சீர்திருத்தவாதி பண்டிட் கருப்பன் போன்றவர்கள் துணை நின்றார்கள். காயல் சம்மேளனம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. நிற்க நிலம் இல்லாதவர்கள் நீர்மேல் நின்று பேசிய ஊர் இது. சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையிடம் பேச நமக்கு நா எழவில்லை என்றால் அது தகுமா?

அந்தக் கூட்டம் நடந்தபோது முளவுகாடு தீவில் ஒரு பெண் குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வயது. தாட்சாயணி. அவர் உறவினர்களே அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்றவர்கள். சபை, உரிமை, மனு, கூட்டம் என்ற சொற்கள் புழங்கும் சுற்றத்தில் வளர்ந்தவர். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் படித்தபோது சோதனையை அருகில் நின்று பார்க்க அவரை விடவில்லை. தள்ளி நின்று பார்த்தே கற்றுத் தேறினார். 1945இல் கொச்சி சட்டசபைக்குப் போனார். 1946இல் இந்தியாவின் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார், தாட்சாயணி வேலாயுதன் என்ற பெயரோடு. வயது முப்பத்துநான்கு. அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர். அம்பேத்கரும் நேருவும் பட்டேலும் உட்கார்ந்திருந்த அவையில் முளவுகாட்டுப் பெண் எழுந்து பேசினார். பெண் பிள்ளையைப் பெற்றவர்களே, இந்தப் பெயர் உங்கள் மகளுக்குத் தெரியுமா? இன்று கேரளத்தின் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகள் உட்கார வேண்டிய நாற்காலி காலியாகக் காத்திருக்கிறது. அவளிடமே அதைச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறோம்.

"கதை சரி. சின்னக் குழந்தைக்கு அரசியல் எப்படிப் புரியும்?" என்று கேட்பீர்கள்.

2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் கொச்சி நகரம் புகையில் கிடந்தது. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்தப் புகை ஓட்டுரிமை இருக்கிறவர் மூக்குக்குள் மட்டுமா போனது? அதை முதலில் தாங்கியது பிஞ்சு நுரையீரல்தான். குப்பையை யார் பிரிக்க வேண்டும், யார் அள்ள வேண்டும், யாருக்கு ஒப்பந்தம், யார் கண்காணிப்பு, ஏன் அது மலையாகக் குவிந்தது என்பதெல்லாம் அரசியல் என்றால், உங்கள் பிள்ளை அரசியலை மூச்சாகவே இழுத்துவிட்டது. அதை விளக்கிச் சொல்ல மட்டும் வயது போதவில்லை என்பீர்களா?

பிள்ளைக்கு நியாயம் தெரியும். நான்கு வயதிலேயே "அவனுக்குப் பெருசு, எனக்குச் சின்னது" என்று அப்பளத்தை அளந்து பார்க்கிறதே, அங்கேதான் தொடக்கம். அரசியலின் அடிக்கேள்வியும் அதுதான்: யாருக்கு எவ்வளவு, அதை யார் முடிவு செய்வது? நம் கொச்சியில் வாட்டர் மெட்ரோப் படகு 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. மட்டாஞ்சேரி முனையம் திறந்தது 2025 அக்டோபரில். "நம்ம ஊருக்கு ஏம்மா லேட்டு?" என்று கேட்ட குழந்தையை அதட்டாதீர்கள். அது ஒரு குடிமகனின் கேள்வி. "எந்த ஊருக்கு முதல்ல வரணும்னு யாரோ முடிவு பண்ணாங்க. அவங்ககிட்ட நாம கேக்கலாம்" என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வாக்கியம் போதும் அந்த வயதுக்கு. முடிவு செய்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று ஆறு வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அறுபது வயதிலும் அதை எவராலும் பணிய வைக்க முடியாது.

துறைமுகத்தைக் காட்டுங்கள். சாப்பா கதையைச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் கப்பல் வேலைக்கு ஆள் எடுத்த விதம் அது. காலையில் தொழிலாளிகள் கூட்டமாக நிற்பார்கள். மூப்பன் 'சாப்பா' என்ற உலோக வில்லைகளை அந்தக் கூட்டத்தின்மேல் வீசி எறிவான். விழுந்து புரண்டு, ஒருவரை ஒருவர் தள்ளி மிதித்து, எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவன் வீட்டில்தான் அன்று அடுப்பெரியும். மனிதனை இப்படி நடத்தாதே என்று அந்தத் தொழிலாளிகள் எழுந்தார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கி வெடித்தது. சைது, சைதலவி, ஆன்டணி என்று மூன்று தொழிலாளர்களை இந்த மண் அந்தப் போராட்டத்தில் பறிகொடுத்தது. கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். ராஜீவ் ரவி எடுத்த 'துறமுகம்' படம் 2023இல் வந்தது. சிறு பிள்ளைக்குத் துப்பாக்கியையும் ரத்தத்தையும் விவரிக்க வேண்டாம். வில்லை எறிந்த கதையைச் சொல்லிவிட்டு, "வேற எப்படி வேலையைப் பங்கு போட்டிருக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "வரிசையா நிக்க வைக்கலாம்" என்று ஒரு குழந்தை சொல்லும். "ஆளுக்கு ஒருநாள் குடுக்கலாம்" என்று இன்னொன்று சொல்லும். தொழிலாளிகள் உயிரைக் கொடுத்துக் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான்.

நீங்கள் பேசாவிட்டால் வேறு யாரும் பேசமாட்டார்கள் என்று எண்ணி நிம்மதியாக இருக்கிறீர்களா? கேரளத்தில் கட்சிகளும் இயக்கங்களும் பிள்ளைகளிடம் எப்போதோ பேசத் தொடங்கிவிட்டன. இடதுசாரிகளின் சிறுவர் அமைப்பான பாலசங்கம் 1938இல் வடக்கே கல்யாசேரியில் உதித்தது. பின்னாளில் முதலமைச்சரான இ.கே. நாயனார் அதன் முதல் தலைவர். காங்கிரஸ் பக்கம் சிறுவர் அமைப்பு உண்டு. ஆர்.எஸ்.எஸ். பக்கம் பாலகோகுலம் உண்டு. ஒவ்வொரு மதமும் தன் பங்குக்கு ஒன்று வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரானார். அவர் பாலசங்கத்தின் மாநிலத் தலைவராக இருந்தவர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிறு வயதிலேயே கூட்டத்தில் எழுந்து பேசிப் பழகிய பெண் இருபத்தொரு வயதில் ஒரு தலைநகரத்தை நிர்வகிக்கத் துணிந்தார் என்றால் அந்தப் பழக்கத்தின் வலிமையைப் பாருங்கள். ஆனால் எந்த அமைப்பும் தன் பக்கத்தைத்தான் சொல்லும். எல்லாப் பக்கத்தையும் பிள்ளையின் முன் வைத்து, "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்க உலகத்தில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும். அந்த இடத்தை நீங்கள் காலி செய்தால் கைப்பேசி அதை நிரப்பும். வெறுப்பை வாரி இறைக்கும் அரை நிமிடக் காணொளி நிரப்பும்.

"எனக்கே ஒண்ணும் தெரியாதே, நான் என்னத்தைச் சொல்லுவேன்?" இந்தச் சொல்லை இன்றோடு விடுங்கள்! தண்ணீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஓடை அடைத்தால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று தெரியும். ரேஷன் கடையில் என்ன கொடுத்தார்கள், என்ன கொடுக்கவில்லை என்று தெரியும். அரசு என்பதை அதன் வாசலில் நின்று, வரிசையில் கால் கடுத்துக் கற்ற அறிவு உங்களுடையது. தொலைக்காட்சி விவாதக்காரருக்கு அது கிடையாது. மற்றது தெரியாவிட்டால், "எனக்கும் தெரியலை, வா தேடுவோம்" என்று சொல்லுங்கள். தெரியாது என்று நிமிர்ந்து சொல்லும் அப்பாவைப் பார்க்கும் பிள்ளை, பொய்யாக முழங்கும் தலைவனைப் பின்னாளில் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். நம் வார்டு எது, கவுன்சிலர் யார், சட்டமன்ற உறுப்பினர் யார் என்று சேர்ந்து தேடுங்கள். மட்டாஞ்சேரி என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது, தொகுதி மறுவரையறையில் அது மறைந்து இப்போது கொச்சித் தொகுதிக்குள் நாம் இருக்கிறோம் என்பது அந்தத் தேடலில் தெரிய வரும். எல்லைக்கோட்டை யார் போடுகிறார்கள் என்று பிள்ளை கேட்டால் இன்னும் ஒரு மாலை நல்லபடியாகப் போகும்.

பள்ளிக்கூடத்தில் லீடர் தேர்தல் நடக்கிறதா? அந்த மாலையை நழுவவிடாதீர்கள். யார் நின்றார்கள், யாருக்குப் போட்டாய், ஏன்? "அவன் மிட்டாய் குடுத்தான்" என்று பதில் வந்தால் திட்டாதீர்கள். "மிட்டாய் தின்னு முடிஞ்சாச்சு. இனி வருஷம் முழுக்க அவன் லீடர். நல்லா பாத்துக்குவானா?" என்று கேளுங்கள். ஓட்டுக்குப் பணம் வாங்காதே என்று மேடைதோறும் பெரியவர்களுக்குச் சொல்கிறார்கள், அது ஏறுவதில்லை. ஏழு வயதில் ஒரு மிட்டாயை வைத்துச் சொன்னால் ஏறும். குடும்பஸ்ரீயின் பாலசபை உங்கள் பகுதியில் இருந்தால் அனுப்புங்கள். கன்னியாகுமரிப் பக்கம் குழந்தைகள் பாராளுமன்றம் என்று தெருப் பிள்ளைகள் கூடி, தங்களுக்குள் அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்து, ஊர்க் குறைகளைப் பேசிப் பழகியிருக்கிறார்கள். நம் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய் இல்லையா?

ஒரு எல்லை உண்டு, அதை உரக்கச் சொல்கிறேன். பேசுவது வேறு, பயன்படுத்துவது வேறு. பிள்ளையின் கையில் கொடியைக் கொடுத்து, நெற்றியில் சின்னத்தை ஒட்டி, கோஷம் போட வைப்பது பாவம். தேர்தல் பிரசாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கண்டிப்பாக உத்தரவிட்டது. சட்டம் சொல்கிறதோ இல்லையோ, உங்கள் கட்சி அபிமானத்தைப் பிள்ளையின் மேல் திணிக்காதீர்கள். நீங்கள் யாருக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டால் சொல்லலாம். ஏன் என்றும் சொல்லுங்கள். "நீ பெரியவனானதும் வேற மாதிரி நினைக்கலாம், அது உன் உரிமை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்காரர் வேறு கட்சி என்றால் அவரைப் பிள்ளையின் முன்னால் ஏசாதீர்கள். இந்த ஊர்ச் சந்துகளில் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் ஜெப ஆலயமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இங்கே ஒரு குழந்தையின் காதில் வெறுப்பை ஊற்றுகிறவன் ஊருக்கே நஞ்சு வைக்கிறான்.

தோல்வியைப் பற்றியும் பேசுங்கள். அதற்கு அருமையான கதை பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் மின்னணு வாக்கு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது நம் எர்ணாகுளம் மாவட்டத்து வடக்குப் பரவூரில், 1982 மே மாதம், 50 வாக்குச்சாவடிகளில். சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர் ஏ.சி. ஜோஸ், கொச்சியின் முன்னாள் மேயர், அப்போதுதான் சபாநாயகராக இருந்தவர். அவர் இயந்திரத்தைப் போட்டு உடைக்கவில்லை. வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். அப்போதிருந்த சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் தீர்ப்பு வந்தது. அந்த 50 சாவடிகளில் மறுபடி வாக்குச்சீட்டில் தேர்தல் நடந்து ஜோஸ் ஜெயித்தார். இயந்திரம் தப்பா என்றால், அதற்கும் பதில் உண்டு: பிறகு பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இயந்திரத்துக்கு இடம் கொடுத்தது. தோற்றவன் சட்டத்தின் கதவைத் தட்டினான், சட்டம் குறை என்றது, நாடு குறையைச் சரிசெய்தது. விளையாட்டில் தோற்றால் பலகையைக் கவிழ்க்கும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எது?

வாக்களிக்கும் நாளில் பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வாக்குச்சாவடிக்குள் யார் யாரை அனுமதிக்கலாம் என்று 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் பட்டியல் போட்டிருக்கின்றன. அதிகாரிகள், வேட்பாளர்கள், முகவர்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் வாக்காளரின் கைக்குழந்தைக்கும் ஓர் இடம் உண்டு. சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, தாய் குழந்தையோடுதான் வருவாள் என்று. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை வாசல்வரை கூட்டிப்போய் வரிசையைக் காட்டுங்கள். கிடங்கு முதலாளியும் சுமை தூக்குகிறவரும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கட்டும். உங்கள் விரலில் மையைத் தொட்டுப் பார்க்கட்டும். அந்த மை மைசூரில் ஒரு அரசுத் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது என்று சொன்னால் கண் விரியும். "உள்ளே என்னம்மா பண்ணினே?" என்று கேட்கும். அன்றைக்கு நிமிர்ந்து நின்று பதில் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு சோறு போட்டு உட்கார்ந்ததும் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். "நம்ம தெருவுல ஒண்ணே ஒண்ணை மாத்தலாம்னா நீ எதை மாத்துவே?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு தாளில் அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், எழுத்துப் பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. நாளை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உங்கள் வார்டு கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள்.